மருந்து செய்யும் ஊர்: கட்கியிலிருந்து பார்த்த அணு அரசியல்

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கலில் ஏறினால், சிவாஜிநகருக்கு அடுத்த நிறுத்தம் கட்கி. வண்டி மூச்சு வாங்கும் நேரம்கூட அங்கே நிற்காது. கண்டோன்மென்ட் பஜாரைத் தாண்டினால் முள்கம்பி ஓடும் மதில்கள், மதிலுக்குப் பின்னால் அடர்ந்த மரங்கள். மரங்களுக்கு அப்பால் என்ன என்று யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். அம்யூனிஷன் ஃபேக்டரி, 1869இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. ஹை எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஃபேக்டரி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940இல் வந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கும் பகுதிக்குப் பெயர் ரேஞ்ச் ஹில்ஸ். துப்பாக்கி சுடும் இடத்தின் பெயரே வீட்டு முகவரியாகிவிட்ட ஊர் இது.

ஊரின் தலையெழுத்து 1817 நவம்பர் 5ஆம் தேதி எழுதப்பட்டது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கம்பெனிப் படையும் மோதியது இங்கேதான். கம்பெனி ஜெயித்தது, வெற்றி பெற்ற இடத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டது. கட்கி அவர்கள் வாயில் ‘கிர்க்கி’ ஆயிற்று. பம்பாய் சாப்பர்ஸ் படைப்பிரிவு வந்தது, தோட்டா ஆலை வந்தது, பின்னால் வெடிமருந்தைச் சோதித்துத் தரம் சொல்லும் அலுவலகமும் வந்தது. ஆலைகளோடும் பட்டாளத்தோடும் பிழைக்க வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. பஜாரில் இன்றும் மூன்றாம் தலைமுறைத் தமிழ் காதில் விழும். இந்தியும் மராத்தியும் ஊறிய, கொஞ்சம் பழைய வாசனை அடிக்கிற தமிழ்.

இந்திய அணுகுண்டின் கதையைச் சொல்கிறவர்கள் டிராம்பே அணு ஆய்வு மையத்தில் ஆரம்பித்து தில்லி வழியாகப் பொக்ரானில் முடிப்பார்கள். கட்கியில் யாரும் இறங்குவதில்லை. இறங்கியிருந்தால் வருடக்கணக்கில் ஓயாத ஒரு சண்டை சுலபமாக முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1974 மே 18ஆம் தேதி பொக்ரானில் நடந்தது அரசு சொன்னதுபோல் ‘அமைதிக்கான அணுவெடிப்பா’, அல்லது குண்டா? புளூட்டோனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. மருந்தைப் பார்த்தால் கிடைக்கும்.

மருந்து என்கிற சொல்லைச் சிவகாசிக்காரர்கள் புழங்குகிற பொருளில் சொல்கிறேன். அங்கே மருந்து என்றால் வெடிமருந்துதான்.

அணுகுண்டு என்றதும் யுரேனியம், புளூட்டோனியம் என்றுதான் நமக்கு நினைவு ஓடும். ஆனால் புளூட்டோனிய உருண்டை தானாக வெடிக்காது. அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில் பிசகாமல், உள்நோக்கி நசுக்க வேண்டும். சப்பாத்தி மாவு உருண்டையைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் பிதுங்கும். ஒரு பக்கம் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் மாவு அந்த வழியாக வெளியே வந்துவிடும். புளூட்டோனியமும் அப்படித்தான், பிதுங்கினால் எல்லாம் வீண். விரல் இல்லாத கை ஒன்று வேண்டும். அந்தக் கையைச் செய்வது பீரங்கிக் குண்டுகளில் அடைக்கிற அதே குடும்பத்து ரசாயன வெடிமருந்து.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வெடித்த புள்ளியிலிருந்து அலை வெளிப்பக்கமாக விரிந்துதான் போகும். குளத்தில் கல் போட்டால் வட்டம் விரிகிற மாதிரி. அதை உள்பக்கம் குவியச் செய்ய, அலை வேகமாக ஓடும் மருந்தையும் மெதுவாக ஓடும் மருந்தையும் கணக்குப் பார்த்து ஒன்றோடொன்று பொருத்தி வார்க்கிறார்கள். மூக்குக் கண்ணாடி ஒளியை வளைக்கிற மாதிரி இது வெடிப்பை வளைக்கும். அதனால்தான் லென்ஸ் என்று பெயர். வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், அலை அந்த இடத்தில் தடுமாறும்.

1945 ஜூலையில் அமெரிக்க அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸில் இந்த வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கி என்ற ரசாயன அறிஞர். முதல் சோதனைக்குச் சில நாள் முன்பு, வார்ப்புகளில் குமிழிகள் இருப்பது தெரிந்தது. பல் டாக்டர் வைத்திருக்கும் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து, வெடிமருந்துக்குள் துளை போட்டு, குமிழி இருந்த இடங்களில் உருக்கிய மருந்தை ஊற்றி அடைத்தார். கை நழுவியிருந்தால் கவலைப்பட ஆளே இருந்திருக்க மாட்டார். 2023இல் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ வந்தபோது நம் ஊரில் பெரிய விவாதம், படுக்கையறைக் காட்சியில் கீதை வரலாமா என்பது. கிஸ்டியாகோவ்ஸ்கி சோதனை வெற்றி பெறும் என்று தன் ஒரு மாதச் சம்பளத்தை ஓப்பன்ஹைமரின் பத்து டாலருக்கு எதிராகப் பந்தயம் கட்டினாரே, அதுவும் அதே படத்தில் வருகிறது. மூன்று மணி நேரப் படத்தில் மருந்துக்காரருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வரலாற்றிலும் அவருக்குப் பெரிய இடம் இல்லை.

இந்தியாவில் அந்த வேலையின் ஒரு பெரிய பங்கு புனேவுக்கு வந்தது. வந்த வழி நீளமானது. 1908இல் நைனிதாலில் ஒரு சிறிய ரசாயனப் பரிசோதனைக் கூடம் இருந்தது. பட்டாளத்துக்கு வரும் வெடிமருந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அந்த வம்சம் பின்னர் கட்கிக்கு இடம்பெயர்ந்தது. 1958இல் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்று டி.ஆர்.டி.ஓ. உருவானபோது ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் கட்கியில்தான் தொடங்கியது. 1960இல் வெடிமருந்து ஆராய்ச்சி தனிக்கூடமானது. ஆங்கிலச் சுருக்கத்தில் இ.ஆர்.டி.எல். பிறகு இரண்டும் சில கிலோமீட்டர் தள்ளி, பாஷாண் பக்கம் போயின. 1995இல் இ.ஆர்.டி.எல். பெயர் மாறி எச்.இ.எம்.ஆர்.எல். ஆனது. பெயரும் இடமும் மாறினாலும் கைப்பழக்கம் கட்கியினுடையது. மருந்தை உலர்த்துவது, உருக்குவது, வார்ப்பது, வெடிக்காமல் வைத்திருப்பது எல்லாம் தலைமுறைகளாகக் கைமாறிய வேலை.

இந்தக் கைப்பழக்கத்தைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது என்று எனக்கு விளக்கியவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். படைக்கலத் தொழிற்சாலைகளில் அவர் வேலைக்குப் பெயர் ‘டேஞ்சர் பில்டிங் ஒர்க்கர்’. நான் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். “சம்பளச் சீட்டுலயே அப்பிடித்தான் இருக்கும் தம்பி. பொண்ணு குடுக்க வர்றவங்க அதப் பாத்துட்டு ஒரு தடவ யோசிப்பாங்க” என்றார். வாசலிலேயே தீப்பெட்டி, பீடி, சில்லறைக் காசு, மோதிரம் எல்லாம் கொடுத்துவிட வேண்டும். இரும்பு ஆணி அடித்த செருப்பு கூடாது. உள்ளே நுழையுமுன் கதவோரம் இருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் தங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும் என்று. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. ஒரு கட்டடம் போனால் அடுத்தது தப்ப வேண்டும். எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று ஒவ்வொரு அறைக்கும் கணக்கு உண்டு.

சாத்தூர், சிவகாசி பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தள்ளித்தள்ளிக் கட்டிய ஷெட், அறைக்கு இத்தனை பேர் என்கிற வரம்பு, அந்த வரம்பை மீறும்போது வரும் செய்தி எல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மத்தாப்பானாலும் அணுகுண்டானாலும் மருந்து கேட்கிற மரியாதை ஒன்றுதான்.

1972 செப்டம்பரில் இந்திரா காந்தி டிராம்பேயில் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். கோப்பில் எதுவும் எழுதவில்லை. வேலையில் இருந்தவர்கள் மொத்தம் 75 பேரைத் தாண்டவில்லை. தலைமை ராஜா ராமண்ணா. அவருக்கு அடுத்து பி.கே. ஐயங்கார், வடிவமைப்பில் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம். இவர்கள் எல்லாம் அணுசக்தித் துறை. மருந்து வேலைக்கு அந்தத் துறையில் ஆள் கிடையாது. அதனால் டி.ஆர்.டி.ஓ.வின் தலைவர் நாக் சௌத்ரியைச் சேர்த்தார்கள். லென்ஸ் அமைப்பு சண்டிகரில் இருந்த ஆய்வகத்தில், நாகப்பட்டினம் சாம்பசிவ வெங்கடேசன் பொறுப்பில் உருவானது. வெடிமருந்தும் அதைத் தூண்டிவிடும் அமைப்பும் புனேயில், வாமன் தத்தாத்ரேய பட்வர்தன் பொறுப்பில் உருவாயின. புளூட்டோனியம் சுமார் ஆறு கிலோ. கனடா கொடுத்த உலை, அமெரிக்கா கொடுத்த கனநீர் இரண்டும் சேர்ந்த சைரஸிலிருந்து வந்தது. எல்லாம் கூட்டினால் 1,400 கிலோ எடை. அந்த எடையில் ஆறு கிலோ போக மீதியில் எவ்வளவு அணு, எவ்வளவு மருந்தும் இரும்பும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அணுசக்தித் துறையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ‘அமைதி’ என்கிற வாதத்தில் ஒரு நியாயம் தெரியும். ஹோமி பாபா காலத்திலிருந்தே அது மின்சாரம், மருத்துவம், விவசாயம் என்று பேசிவந்த துறை. ஆனால் சண்டிகர், புனே கூடங்களின் சம்பளம் பாதுகாப்பு அமைச்சகக் கணக்கில் வருவது. அவற்றின் வேலை பீரங்கிக் குண்டு, கண்ணிவெடி, ராக்கெட். கால்வாய் வெட்டவும் சுரங்கம் தோண்டவும்தான் அந்த வெடிப்பு என்றால், கட்கி வம்சத்துக்கு அதில் என்ன வேலை?

எதிர்வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ‘அமைதிக்கான வெடிப்பு’ இந்தியா கண்டுபிடித்த சால்ஜாப்பு அல்ல. அமெரிக்கா 1961 முதல் 1973 வரை ‘ப்ளோஷேர்’ என்ற பெயரில் 27 வெடிப்புகள் நடத்தியது. ஏர்க்கொழு என்று பொருள் தரும் பெயர். 1962இல் நெவாடாவில் 104 கிலோடன் வெடித்துச் சுமார் 390 மீட்டர் அகலத்தில் பள்ளம் தோண்டிக் காட்டினார்கள். இன்று அங்கே சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். சோவியத் ஒன்றியம் நூற்றுக்கு மேல் நடத்தியது. கசகஸ்தானில் ஒரு ஏரியையே உண்டாக்கியது. 1968இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில்கூட ஐந்தாம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஆக, வல்லரசுகள் பேசிய மொழியைத்தான் இந்தியா திருப்பிப் பேசியது. அந்த அளவில் அவர்கள் கோபத்தில் பாசாங்கு நிறைய. ஆனால் ப்ளோஷேர் வெடிகளைச் செய்தவர்கள் யார்? லிவர்மோர் ஆய்வகம். அமெரிக்கக் குண்டுகளைச் செய்த அதே இடம். அங்கேயும் ‘அமைதி’யின் மருந்து ஆயுதச் சாலையிலிருந்துதான் வந்தது.

1,400 கிலோ எடையை எந்த விமானத்தில் கட்டித் தொங்கவிடுவது, ஆகவே அது ஆயுதமில்லை என்று இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1974இல் வெடித்தது களத்துக்குப் போகத் தயாரான குண்டு அல்ல. ஆனால் குண்டு செய்யத் தெரியும் என்பதற்கான சான்றிதழ். அடுத்த பல ஆண்டுகள் நடந்த வேலை, அதைச் சிறிதாக்கி எடையைக் குறைப்பது. அந்த வேலையின் கணிசமான பகுதியும் மருந்து வேலைதான்.

வாதத்தை முடித்துவைத்தவர் ராஜா ராமண்ணாவே. 1997 அக்டோபரில் செய்தி நிறுவனத்துக்குப் பேசியபோது, பொக்ரானில் வெடித்தது குண்டுதான் என்று ஒப்புக்கொண்டார். தரையை நோக்கிச் சுட்டாலும் ஆளை நோக்கிச் சுட்டாலும் துப்பாக்கி துப்பாக்கிதான் என்பது அவர் கருத்தின் சாரம். 23 வருடம் கழித்து வந்த வாக்குமூலம். கட்கியில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

புத்தர் விஷயத்தையும் இங்கே பேசிவிடலாம். ‘புத்தர் சிரித்தார்’ என்று தில்லிக்குச் சங்கேதச் செய்தி போனதாகவும், அன்று புத்த பூர்ணிமை என்பதால் அந்தப் பெயர் என்றும் எல்லாக் கட்டுரைகளிலும் படிக்கிறோம். பஞ்சாங்கம் ஒத்துழைக்கவில்லை. 1974 ஜூன் 20 அன்று முழுச் சூரிய கிரகணம். அது அமாவாசையில்தான் வரும். அங்கிருந்து பின்னால் எண்ணினால் முந்தைய அமாவாசை மே 21, 22 வாக்கில். மே 18 தேய்பிறை. பௌர்ணமி மே 6ஆம் தேதியே போய்விட்டது. 1998 மே 11இல்தான் உண்மையாகவே பௌர்ணமியும் வெடிப்பும் ஒன்றாக வந்தன. பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததன் மேல் ஏற்றிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். 1974இன் அந்தக் காலை எட்டு மணிக்கு வெடித்திருக்க வேண்டியது எட்டு ஐந்துக்குப் போனதற்குக் காரணம் கிளம்ப மறுத்த ஒரு ஜீப் என்பது இதைவிட நம்பகமான கதை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

உலகம் எப்படி எதிர்வினை செய்தது? புளூட்டோனியத்தின் பக்கத்திலிருந்து. கனடா 1976இல் அணு ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. 1975இல் ஏழு நாடுகள் லண்டனில் ரகசியமாகக் கூடி, அணுப்பொருளை யாருக்கு விற்கலாம், யாருக்குக் கூடாது என்று பட்டியல் போட்டன. இன்றைய அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவான என்.எஸ்.ஜி. பிறந்த கதை அது. இந்தியாவுக்கு எதிராகத் தொடங்கிய அந்தக் குழு 2008 செப்டம்பர் 6ஆம் தேதி இந்தியாவுக்கே விலக்கு கொடுத்தது. சர்வதேச அரசியலில் கொள்கைக்கும் சந்தைக்கும் இடையே உள்ள தூரம் 34 வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் வருமா வராதா என்று பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதின. வெடிமருந்து பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் எளிது. எந்த நாட்டிலும் பட்டாளம் இருக்கும், பட்டாளத்துக்கு மருந்து வேண்டும். அதை எப்படித் தடுப்பது?

மருந்துப் பக்கத்தை உலகம் உற்றுப் பார்த்த சந்தர்ப்பங்கள் அபூர்வம். இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, இராக்கின் அல் ககா. பாக்தாதுக்குத் தெற்கே இருந்த பெரிய வெடிமருந்து வளாகம், இராக்கின் கட்கி. அணுகுண்டுக்கும் பயன்படக்கூடியது என்பதால் அங்கிருந்த எச்.எம்.எக்ஸ். மருந்துக்கு சர்வதேச அணுசக்தி முகமை முத்திரை போட்டு வைத்திருந்தது. 2003இல் அமெரிக்கா படையெடுத்தது. இல்லாத பேரழிவு ஆயுதங்களைத் தேடிப் போனவர்கள், முத்திரை போட்டு வைத்திருந்த மருந்தைக் காவல் காக்க மறந்தார்கள். 2004 அக்டோபரில் முகமை சுமார் 342 டன் வெடிமருந்து காணவில்லை என்று அறிவித்தது. புஷ்–கெர்ரி தேர்தலின் கடைசி வாரத்தில் அது பெரிய செய்தியானது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள், அந்த மருந்தை எடுத்துப் போனவர்களைத் தவிர.

இரண்டாவது, ஈரானின் பார்ச்சின். தெஹ்ரானுக்குத் தென்கிழக்கே உள்ள ராணுவ வெடிமருந்து வளாகம். அங்கே 2000ஆம் ஆண்டு பெரிய இரும்புக் கலம் ஒன்று வைக்கப்பட்டதாகவும், அதற்குள் வெடிமருந்துச் சோதனைகள் நடந்திருக்கலாம் என்றும் முகமையின் 2011 நவம்பர் அறிக்கை சொன்னது. ஈரான் மறுத்தது. முகமை உள்ளே போகக் கேட்டது. அனுமதி கிடைக்க வருடங்கள் ஆயின. அதற்குள் செயற்கைக்கோள் படங்களில் அங்கே கட்டடம் மாறியது, மண் அள்ளியது, தார் போட்டது எல்லாம் தெரிந்தது. 2015 செப்டம்பரில் முகமைத் தலைவர் யுகியா அமானோ நேரில் போனபோது அறை காலியாக இருந்தது. வெறும் மருந்தை வைத்து, புளூட்டோனியத்துக்குப் பதில் வேறு கனமான உலோகத்தைப் போட்டுச் சோதித்தால் கதிரியக்கம் வராது, பூமியும் பெரிதாக அதிராது. 1996இன் முழு அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகம் முழுக்க 337 நிலையங்களும் ஆய்வகங்களும் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பூமி அதிர்வு, கடல் ஓசை, காற்றில் மிதக்கும் துகள் எல்லாவற்றையும் அவை கேட்கும், முகரும். ஒரு ஷெட்டுக்குள் நடக்கும் மருந்துச் சோதனை அவற்றின் காதில் விழாது. 2025 ஜூனில் ஈரான்மேல் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போட்டபோது உலகம் பேசியதெல்லாம் ஃபோர்டோ, நதான்ஸ், எத்தனை சதவீதச் செறிவூட்டல் என்பதுதான். மறுபடியும் ஒரு பாதிக் கதை.

சினிமாவும் இந்தப் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பெட்டி, சிவப்பு எண்கள், நீல ஒயரா சிவப்பு ஒயரா என்கிற வியர்வை. 1986இல் சுஜாதாவின் எழுத்தில் வந்த ‘விக்ரம்’ படத்தில் கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. நிஜமான அக்னி சண்டிப்பூரிலிருந்து கிளம்பியது 1989 மே 22. கற்பனை மூன்று வருடம் முந்திக்கொண்டது. பெங்களூர் பி.இ.எல்.லில் வேலை பார்த்த எஞ்சினியர் சுஜாதாவுக்குக் காற்றில் என்ன பேச்சு அடிபடுகிறது என்று தெரிந்திருக்கலாம். அல்லது வெறும் நல்ல காது. ‘விஸ்வரூபம்’ சீசியம் கலந்த குண்டைப் புறாக்களோடு சேர்த்துக் காட்டியது. அது அணுகுண்டே அல்ல, கதிரியக்கக் குப்பையைச் சாதாரண வெடியால் சிதறடிப்பது. அந்த வகையில் தமிழில் மருந்துக்கு ஓரளவு நியாயம் செய்த படம் அதுதான். இந்தியில் 2018இல் வந்த ‘பரமாணு’ செயற்கைக்கோளை ஏமாற்றிய சாகசத்தைச் சொன்னது. உண்மைச் சம்பவமே அதைவிடச் சுவையானது: விஞ்ஞானிகள் ராணுவ உடுப்பில் திரிந்தார்கள், அப்துல் கலாம் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ், சிதம்பரம் மேஜர் ஜெனரல் நடராஜ். தலைமுடியை மட்டும் பட்டாள முறையில் வெட்டிக்கொள்ள கலாம் சம்மதிக்கவில்லை போலிருக்கிறது.

1998 பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மே 11, 13 தேதிகளில் ஐந்து வெடிப்பு. அதே மாதம் 28, 30இல் பாகிஸ்தானின் பதில். ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வெடிக்கவில்லை என்று 2009இல் டி.ஆர்.டி.ஓ. தரப்பின் கே. சந்தானம் சொன்னதும், சிதம்பரம் அதை மறுத்ததும் நினைவிருக்கும். இரு தமிழர்கள் ஆங்கிலத்தில் போட்ட சண்டை. அதன் உள்ளே ஓடியதும் பழைய பிளவுதான்: அணுசக்தித் துறை ஒரு பக்கம், பாதுகாப்பு ஆராய்ச்சி மறுபக்கம். ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்குப்படி, 2025 ஜனவரியில் இந்தியாவிடம் சுமார் 180 அணுமுனைகள், பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. இந்த எண்கள் பெரும்பாலும் எவ்வளவு புளூட்டோனியம், எவ்வளவு யுரேனியம், எத்தனை ஏவுகணை என்று பார்த்துப் போடும் மதிப்பீடு. மருந்தை வைத்து யாரும் எண்ணுவதில்லை.

கட்கி இப்போது வேறு கணக்கில் மும்முரமாக இருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். தோட்டா, குண்டு, மருந்து வகையறா எல்லாம் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட், தலைமையகம் புனே. கட்கியின் இரண்டு ஆலைகளும் நீலகிரியின் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியும் இப்போது ஒரே முதலாளிக்குக் கீழே. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. அது 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளைத் தின்று தீர்த்தது. உலகம் முழுக்க வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு. அணு ஆயுதம் வைத்திருக்கும் ரஷ்யா, அதை வைத்து மிரட்டிக்கொண்டே, சண்டையை நடத்துவது பழைய மருந்தால். அணுகுண்டு வந்தபின் பெரிய போர் வராது என்று சொன்ன நிபுணர்கள் கட்கி மாதிரி ஊர்களின் ஆர்டர் புத்தகத்தை ஒரு தடவை பார்க்கலாம்.

டேஞ்சர் பில்டிங் பெரியவரைக் கடைசியாகப் பார்த்தபோது பொக்ரான் நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் அப்போது ஆலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்குப் பெருமையாக இருந்ததா, முன்கூட்டியே ஏதாவது தெரியுமா என்றெல்லாம் என் கேள்வி போயிற்று. அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரையும்போல ரேடியோவில் கேட்டதுதான். அந்த மே மாதம் 8ஆம் தேதி முதல் 27 வரை நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில். பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இருந்த அந்தச் செய்தியைப் பொக்ரான் கீழே தள்ளியது. பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“அன்னைக்கு வண்டி ஓடல தம்பி, ஸ்ட்ரைக்கு. பிம்ப்ரியிலேர்ந்து சைக்கிள்ல வந்தேன்.”